நெடுந்தீவுக்கு ஒரு நாள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பயணக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டை முன்னிட்டு ஒரு பயணம் போக வேண்டும், இடத்தைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்று செயற்குழு எங்கள் ஐந்து பேரிடம் பொறுப்புக் கொடுத்தது. கதிர்காமம் பார்த்தாயிற்று, திருக்கேதீஸ்வரம் பார்த்தாயிற்று, நுவரெலியா நமக்குப் பக்கத்து வீடு. இந்தத் தடவை ஒரு சின்னத் தீவுக்குப் போவோம், அதுவும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் தீவாக இருக்கட்டும் என்று கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார். மலையிலே பிறந்து மலையிலே வளர்ந்த நமக்குக் கடல் என்றாலே ஒரு மயக்கம்தான். எல்லோரும் கை தட்டிவிட்டோம். தேடும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

முதலில் மாலைதீவு என்றார்கள். அது சின்னத் தீவு இல்லை, ஒரு தனி நாடு; செலவோ நம் பொருளாளரை மயக்கம் போட வைக்கும். பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி, ரொட்ரிகஸ் தீவைப் பற்றி எழுதி அனுப்பினார். மொரிஷியசுக்குக் கிழக்கே ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கிடக்கும் சிறிய தீவு அது. மொரிஷியசின் பகுதிதான் என்றாலும் 2002 முதல் அதற்கென்று ஒரு பிராந்திய சபை உண்டு. தன் பாடசாலை, வைத்தியசாலை, மீன்பிடி, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றித் தானே கூடிப் பேசித் தீர்மானிக்கிறது. பணம் மட்டும் பெரும்பாலும் மொரிஷியசிலிருந்து வர வேண்டும். மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினரும் நம் முன்னோரைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள்தானே, போய்ப் பார்க்க வேண்டாமா என்று அந்தத் தங்கச்சி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். விமானக் கட்டணத்தை விசாரித்தோம். அதோடு அந்த நியாயம் முடிந்தது.

தேடும்போது ருசியான சங்கதிகள் சில அகப்பட்டன. பெண்கள் கூட்டம் என்பதால் இரண்டை மட்டும் சொல்கிறோம். பசிபிக் சமுத்திரத்தில் பிட்கேர்ன் என்று ஒரு தீவு இருக்கிறது. இன்றைக்கும் அங்கே ஐம்பது பேர் மட்டில்தான் வாழ்கிறார்கள். 1838இலேயே அங்கே பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது. பிள்ளைகள் ஆணோ பெண்ணோ பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும் என்றும் அப்போதே சட்டம் எழுதி வைத்தார்கள். பிரித்தானியாவுக்குப் பக்கத்திலே இருக்கும் மேன் தீவு, தன் பாராளுமன்றத் தேர்தலில் சொத்துள்ள, மணமாகாத பெண்களும் விதவைகளும் வாக்களிக்கலாம் என்று 1881இல் இடம் கொடுத்தது. பெரிய இங்கிலாந்துக்கு இந்தப் புத்தி வர இன்னும் முப்பது நாற்பது வருஷம் பிடித்தது. ஆள் குறைந்த இடத்திலே ஒவ்வொரு ஆளும் தேவைப்படுகிறார், அதனால் பெண்ணின் குரலும் தேவைப்படுகிறது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

இப்படி உலகத்தைச் சுற்றிவிட்டு நாங்கள் வந்து நின்ற இடம் நெடுந்தீவு.

சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. "யாழ்ப்பாணப் பக்கம்தானே, அங்கே என்ன சுயாட்சி?" என்று கேட்பீர்கள். உண்மைதான். நெடுந்தீவு ரொட்ரிகசைப் போல ஒரு சபைக்குச் சட்டம் இயற்றும் உரிமை உள்ள தீவு இல்லை. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தின் பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று அந்தத் தீவு. அதற்கென்று தனியாக ஒரு பிரதேச சபையும் உண்டு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலம். ஆறு கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே இருந்தவர்கள் நாலாயிரம் பேருக்கும் குறைவு.

இந்த எண்ணிக்கையைப் படித்தவுடன் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே கணக்குத்தான் மனத்தில் ஓடியது. அதே மதிப்பீட்டில் நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவில் இருந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல். அம்பகமுவப் பிரிவிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல். நம் மாவட்டம் முழுவதற்கும் அப்போது ஐந்தே செயலகங்கள்: நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. ஒரு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காக, ஒரு அடையாள அட்டை விண்ணப்பத்தில் ஒரு கையொப்பத்துக்காக, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, "நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய தாய்மாரின் பிள்ளைகள் நாம். அங்கே நாலாயிரம் பேருக்கு ஒரு செயலகம், ஒரு சபை. நெடுந்தீவாருக்கு அது கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கடல் நடுவே கிடப்பவர்களுக்கு அது இல்லாவிட்டால் முடியாது. மலை நடுவே கிடப்பவர்களுக்கும் அப்படித்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து கேட்டிருப்போம்? பிற்பாடு தலவாக்கலை, நோர்வூட் என்று புதிய பிரிவுகள் வந்தன. அதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

நம் கொட்டகலைக்கு ஒரு பிரதேச சபை வந்ததும் நேற்றைய கதைதான். அதற்கு முன் நாம் நுவரெலியா பிரதேச சபைக்குள் ஒரு மூலை. அந்தப் பெரிய சபையைப் பிரித்து நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று மூன்றாக்கினார்கள். அம்பகமுவ சபையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் தனியாக வந்தன. 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் "கொட்டகலை பிரதேச சபை" என்ற பெயருக்கு முதன்முதலாக வாக்குப் போட்டோம். நூறு வயதுச் சங்கத்தை வைத்திருக்கும் நமக்கு, ஊரின் சபை பேரப்பிள்ளை வயது!

அதற்கு முன்னும் ஒரு வரலாறு இருக்கிறது. 1931இல் இந்த நாட்டுக்கு சர்வசன வாக்குரிமை வந்தது. 1937இல் கிராம சபை வாக்குரிமையிலிருந்து தோட்டத்துத் தொழிலாளர்களை விலக்கினார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். நாடாளுமன்ற வாக்கும் போயிற்று. நாடற்றவர் என்ற பெயரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள் இந்தச் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்து சேர 2003 ஆயிற்று. வாக்கு வந்த பிறகும் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஒரு தடை போட்டிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, தோட்டத்துக்குள்ளே ஒரு ரோட்டைப் போட்டுக் கொடுக்கத் தன் காசைச் செலவழிக்க முடியாது. லயத்துக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம் என்றாலும் துரையிடம்தான் போய் நிற்க வேண்டும். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

ஆகவே நாம் நெடுந்தீவுக்குப் போவது குதிரை பார்க்க மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் நல்ல குதிரைகள் ஓடுகின்றன. சின்ன இடத்து மக்கள், தங்களுக்கென்று ஒரு சபையும் செயலகமும் கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்கிறார்கள், எதைச் செய்ய முடியாமல் திண்டாடுகிறார்கள் என்று பார்க்கவே போகிறோம். அதனால் எங்கள் திட்டத்தில் முதல் இடம் பிரதேச சபை அலுவலகத்துக்கு. ஒரு மணித்தியாலம் நம்மோடு பேச நேரம் தருமாறு கேட்டுச் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுத வேண்டும். செயலாளர் அந்தக் கடிதத்தை இந்த வாரமே அனுப்புவார் என்று நம்புகிறோம்.

என்ன கேட்பது? எங்கள் மனத்தில் முதலாவதாக நிற்பது படகு. நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணித்தியால அளவு கடல் ஓட்டம். குமுதினி, வடதாரகை என்ற அரசாங்கப் படகுகளின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றோடு நெடுந்தாரகை என்று ஒரு படகு 2017இல் சேவைக்கு வந்தது. அது நெடுந்தீவு பிரதேச சபையின் படகு. ஒரு பிரதேச சபைக்குச் சொந்தமாக ஒரு கப்பல் என்பதைக் கற்பனை செய்து பாருங்கள்! நம் சபைக்கு ஒரு குப்பை வண்டி பழுதானாலே ஊர் நாறிப்போகிறது. கடல் உப்பிலே ஓடும் படகைப் பராமரிப்பது, பழுது பார்க்கக் கரைக்கு ஏற்றுவது, எண்ணெய்க்குக் காசு தேடுவது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது என்று நாலாயிரம் பேரின் சபை எப்படிச் சமாளிக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். நமக்கு மலையிலிருந்து ஊற்று இறங்கி வருகிறது, குழாய் போட்டால் போதும். அங்கே நிலத்தடி நீர் பல இடத்தில் உவர். கடல் நீரையும் உவர் நீரையும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். வறட்சி கூடிய வருஷங்களில் மேய்ந்து திரியும் மட்டக்குதிரைகளே தண்ணீரில்லாமல் செத்து விழுந்த செய்திகளைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். மூன்றாவது மின்சாரம். இதுவரை டீசல் இயந்திரத்தில் ஓடிய தீவு அது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். நான்காவது கேள்வியை நம் ரீச்சர்மார் கேட்கட்டும்: வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களை அங்கே எப்படி நிறுத்தி வைக்கிறார்கள்? கஷ்டப் பிரதேசம் என்ற முத்திரை நமக்கும் அவர்களுக்கும் பொது. இடமாற்றக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே முதல் நாள் கையொப்பம் வைக்கும் ஆசிரியர்களை நாமும் கண்டவர்கள்தான்.

ஐந்தாவது நமக்கே உரிய கேள்வி. உள்ளூராட்சி சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதி 2018 தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. கொட்டகலைக்கும் வந்தது, நெடுந்தீவுக்கும் வந்தது. அங்கே சபையில் இருக்கும் பெண்கள் வாய் திறந்து பேச முடிகிறதா, அல்லது கணவரோ கட்சியோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார்களா? இதை நேரே கேட்டால் மரியாதைக் குறைவு. ஆண்கள் தேநீர் குடிக்கப் போன பிறகு கேட்கலாம்.

இனிப் பயண விபரம். கடலைப் பற்றிய விஷயம் என்பதால் காலம்தான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும். கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று வீசும். மாசியும் பங்குனியும் கடல் அடங்கி இருக்கும் மாதங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்தில்தான் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். கச்சதீவும் நெடுந்தீவு பிரதேச செயலகத்துக்குள் அடங்கியதுதான். இந்தப் பக்கத்திலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் சனம் திரளும். அந்தக் கிழமையில் குறிகட்டுவானில் கால் வைக்க இடம் இருக்காது. எனவே திருவிழா முடிந்து இரண்டு கிழமை கழித்து, பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு புறப்படுவதாக வைத்திருக்கிறோம்.

இங்கிருந்து கண்டி போக மூன்று மணித்தியாலம். கண்டியிலிருந்து ஏ-9 பாதை. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம். முந்நூற்றிருபது கிலோமீற்றர் அளவு. ரயிலிலும் போகலாம், பொல்காவலையில் இறங்கி வடக்கு ரயிலைப் பிடித்தால் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. ஆனால் அறுபது பெண்கள், பெட்டிகள், நடுச்சாமத்தில் மேடை மாறுவது என்று எண்ணிப் பார்த்து பஸ் என்று முடிவு செய்தோம். யாழ்ப்பாணத்தில் முகம் கழுவி, பண்ணைப் பாலத்தால் ஏறி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று தீவுக்குத் தீவு தாண்டிப் போவோம். இரண்டு பக்கமும் கடல் வரும். எங்களில் ஒருத்தி அந்தப் பாதையில் முன்பு போனவள். "தேயிலை மலைக்குப் பதிலாகத் தண்ணீர், மற்றபடி ஒரு வீட்டைக் காண அதே மாதிரித் தூரம்தான்" என்கிறாள்.

படகு நேரங்கள் அடிக்கடி மாறும். முதல் நாள் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துதான் காலையில் புறப்படுவோம். இங்கே எங்கள் குழுவுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. அதை ஒளிக்காமல் சொல்கிறோம். அறுபது பேரும் காலைப் படகில் ஏறிவிட்டால் என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். கட்டணம் குறைவு, வேலை சுலபம். மற்ற மூன்று பேர் ஒப்பவில்லை. அந்தப் படகில்தான் அங்கே படிப்பிக்கப் போகும் ஆசிரியர் ஏறுகிறார், அலுவலகத்தார் ஏறுகிறார்கள். திரும்பி வரும் படகில்தான் யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு மாற்றிய நோயாளியும், மறுநாள் கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணியும் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அது பஸ், நமக்கு அது உல்லாசம். ஹட்டன் பஸ்ஸில் விடுமுறைக் கூட்டம் சிவனொளிபாத மலைக்கு ஏறி நிரம்பிவிட, வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிடியில் தொங்கிய நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தனிப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடிப்பது என்று தீர்ந்தது. உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் முற்பணம். தலைக்கு எவ்வளவு கூடும் என்பதைப் பொருளாளர் சொல்வார். அவர் சொல்லும்போது எங்களைப் பார்க்க வேண்டாம்.

குமுதினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். தீவில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் மக்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். நாம் இறங்கியதும் முதலில் அங்கே போய்ப் பூ வைப்போம். அங்கே கைத்தொலைபேசியில் படம் எடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பார்க்க வேண்டியவை. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயரைச் சூட்டினார்கள். காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம். எல்லாம் மறைந்துவிட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடிந்த கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை என்று சொல்லும் இடம், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரம், பரந்த தரவையில் மேயும் குதிரைகள் எல்லாவற்றையும் ஒரு வாகனத்தில் ஏறி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சுற்றிவிடலாம். தமிழ் ஆராய்ச்சியை உலகத்துக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகளாரின் தந்தை வழி ஊரும் இதுதான்.

ஆனால் நாங்கள் உங்களைப் பார்க்கச் சொல்வது வேலிகளை. கடற்பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு வளவையும் சுற்றி மதில் போல எழுப்பியிருக்கிறார்கள். ஏழை வீட்டுக்கும் அதே கல்வேலி. படங்களில் பார்த்தபோது எங்களுக்கு லயத்து ஞாபகம் வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, பக்கத்துக் காம்பிராவின் இருமல் நம் சுவரில் கேட்கும். வேலி என்று ஒன்றைப் போட்டுப் பழக்கமே இல்லை, போட நிலம் நம்முடையதாக இருந்ததில்லை. ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரம் என்று இன்றைக்கும் காத்திருக்கும் குடும்பங்கள் நம் மாணவிகளின் குடும்பங்கள்தான். அந்தக் கல்வேலி ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள்.

இன்னொரு விஷயம். பெயர் கொடுக்கத் தயங்கிய ஒரு மூத்த அக்கா எங்களிடம் தனியே கேட்டார்: "வடக்கிலே நம்மை மதிப்பார்களா?" அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். தோட்டக்காட்டார் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்த நாட்களில் வடக்குத் தலைவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றதும் இல்லை. செல்வநாயகம் எதிர்த்து நின்றார், அவருடைய கட்சித் தலைவராக இருந்த பொன்னம்பலம் அரசாங்கத்தோடு சேர்ந்தார். அதே சமயம் தீவுப்பகுதியிலிருந்து வந்து நம் ஊர்ப் பாடசாலைகளில் சோக்கட்டி பிடித்த ரீச்சர்மாரையும் மறக்க முடியாது. மலையகக் கடைவீதிகளில் அரிசிக்கும் பருப்புக்கும் கடன் கொப்பி வைத்துக்கொடுத்த தீவுப்பகுதிக் கடைக்காரர்களும் இருந்தார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு வடக்கே ஓடிய நம் சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இன்றைக்கும் குடியிருக்கிறது. நாம் போகும் பஸ் அவர்கள் வாசலால்தான் போகும். அக்காவிடம் நாங்கள் சொன்ன பதில் இதுதான்: போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அக்கா, உங்கள் கதிரை பஸ்ஸில் முன்வரிசையில் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியை மாற்றியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஓரிரவு தங்கி, மறுநாள் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியாக மன்னார். தலைமன்னார் பழைய இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் நிற்போம். நம் பாட்டன் பாட்டி வந்த கரை அது. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் வகுப்புத் தோழிகள் திரும்பிப் போனதும் அதே கரையால்தான். ஒப்பாரிக் கோச்சி என்று நாம் சொன்ன அந்த ரயிலைக் கொட்டகலை ஸ்டேசனில் நின்று வழியனுப்பியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்து இந்த மலரைப் படிப்பார்கள். அக்காமாரே, உங்களுக்குச் சொல்கிறோம்: அந்த இறங்குதுறையில் நின்று உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். விட்டுப்போன பெயர் இருந்தால் இப்போதே எழுதி அனுப்புங்கள்.

கொண்டு வர வேண்டியவை அதிகம் இல்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கையோடு. தீவாரின் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும், அங்கே குப்பை போட்டால் அதையும் படகில்தான் ஏற்ற வேண்டும். குடை, தொப்பி, தட்டையான செருப்பு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எலுமிச்சம்பழம். மதியச் சாப்பாட்டைத் தீவிலேயே அங்குள்ள பெண்களிடம் சொல்லிச் சமைப்பிப்போம், காசு அவர்கள் கையில் சேரட்டும். சபைக்கும் அங்குள்ள பாடசாலைக்கும் நம் அன்பளிப்பாகத் தேயிலை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் உறுப்பினர்கள் நல்ல தூள் எது என்று பார்த்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பெயர்களைத் தேநீருக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். குளிர்ச்சட்டை கண்டி வரைக்கும்தான் தேவைப்படும். அதற்குப் பிறகு அது பஸ்ஸிலேயே கிடக்கட்டும்.